சிக்கலா, தொல்லையா, தடங்கலா? கடலூர், பாண்டி பக்கம் புதுசா குடிவந்தவங்களுக்கு

மும்பைல பொறந்து வளந்த ஒரு தம்பி, இப்ப சிப்காட்ல வேலை கெடைச்சு கூத்தப்பாக்கத்துல மாடி போர்ஷன்ல குடியிருக்கார், வாடகை அக்ரிமெண்ட் அடிக்க நம்ம கடைக்கு வந்திருந்தார். மொகமே சரியில்ல. என்ன தம்பின்னு கேட்டா, கீழ்வீட்டு ஓனர் அக்கா பத்து நாளா மொகம் குடுத்து பேசலண்ணா, நான் ஒண்ணும் தப்பா சொல்லலயேங்கறார். என்னதான் சொன்னீங்கன்னு கேட்டேன். மாடிக்கு தண்ணி சரியா ஏறல, மோட்டார் போட்டாலும் விட்டு விட்டு வருது, அத சொல்லத்தான் கீழ எறங்கி போய் "அக்கா, உங்க வீட்ல ஒரே தொல்லையா இருக்கு"ன்னு சொல்லியிருக்கார். அவர் மனசுல இருந்தது தண்ணி ஏறறதுல ஒரு சின்ன சிக்கல், அவ்ளோதான். அந்த அக்கா காதுல விழுந்தது நீங்கதான் எனக்கு தொல்லைங்கறது. ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல, வார்த்தை எடம் மாறி விழுந்துடுச்சு.

நான் மஞ்சக்குப்பத்துல டைப்பிங், ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், மனு எழுதி குடுக்கறதுதான் பாதி பொழப்பு. கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர் கூட்டம் நடக்கற திங்கக்கெழமைன்னா காலைல ஏழு மணிக்கே ஆளுங்க வந்து ஒக்காந்திருப்பாங்க, ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கதைய ஒரு வார்த்தைல ஆரம்பிப்பாங்க, "ஒரு சிக்கலுங்க"ன்னு ஆரம்பிச்சா பட்டா, பேர் மாத்தம் இந்த மாதிரி, "தொல்லை தாங்கலப்பா"ன்னா பக்கத்து வீடு, "ரொம்ப கஷ்டம் தம்பி"ன்னா பென்ஷன் வரல இல்ல புள்ளைங்க பாக்கல, மொத வார்த்தையிலயே முக்காவாசி தெரிஞ்சுடும். அதனால இத நான் சாதாரண விஷயமா நெனைக்கல. வெளியூர்ல வளந்து இங்க வந்து சேந்தவங்க, கல்யாணம் ஆகி வந்த பொண்ணுங்க, ஜிப்மர்ல, காலாப்பட்டு யுனிவர்சிட்டில படிக்க வர்ற பசங்க, இவங்கல்லாம் தமிழ் நல்லாவே பேசறாங்க, ஆனா திடீர்னு ஒரு கஷ்டம் வந்து அத இன்னொருத்தர்கிட்ட சொல்லணும்னும்போது கையில கெடைக்கற வார்த்தைய எடுத்து போட்டுடறாங்க, அவங்களுக்குத்தான் இத எழுதறேன்.

மொத வேலை, வாய தொறக்கறதுக்கு முன்னாடி இந்த கஷ்டம் எங்கேந்து வந்துச்சுன்னு ஒரு நிமிஷம் பாருங்க. ஒரு ஆள் குடுக்கறதுன்னா அது தொல்லை, தொந்தரவு, இம்சை, குடைச்சல், உபத்திரவம். ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டு பிரிக்க முடியலன்னா சிக்கல். போற வழில குறுக்க நிக்குதுன்னா தடங்கல், தடை, இடைஞ்சல். மிஷினோ ஒடம்போ வேலை செய்யலன்னா கோளாறு. பணமும் நேரமும் சேந்து கழுத்த புடிக்குதுன்னா நெருக்கடி. இந்த பக்கமும் போக முடியல அந்த பக்கமும் போக முடியலன்னா இக்கட்டு. தொல்லைன்னு சொன்ன ஒடனே கேக்கறவங்க மனசு "யாரு?"ன்னு தேட ஆரம்பிச்சுடும், அங்கதான் அந்த தம்பி மாட்டிக்கிட்டார்.

இதுல சிக்கலுங்கற வார்த்தைய நல்லா புரிஞ்சுக்கணும்னா தேவனாம்பட்டினத்துக்கு ஒரு தடவை காலைல போய்ட்டு வாங்க. படகு கரையேறி மீன் எறக்குனதுக்கு அப்புறம் மணல்ல வலைய பரப்பி வெச்சு ஆளுங்க சிக்கெடுத்துக்கினு இருப்பாங்க. நான் பாத்த பெரியவர் வலையோட ஒரு ஓரத்த கால் கட்டைவெரல்ல மாட்டி இழுத்து புடிச்சிக்கினு, ரெண்டு கையாலயும் நைலான் நூல ஒவ்வொரு வலைக்கண்ணா பிரிச்சுக்கினே வந்தார், நடுவுல ஒரு நண்டு கால மடக்கி நூலையெல்லாம் தன் மேலயே சுத்திக்கினு கெடந்துச்சு. வெட்டிட்டா சீக்கிரம் ஆயிடுமே பெரிப்பான்னு கேட்டேன். தலைய தூக்காமலே சொன்னார், "வெட்னா சிக்கும் போவும் வலையும் போவும். இழுக்காத, தளத்து. எந்த வழியா சுத்திச்சோ அதே வழியா வெளிய வந்துடும்." சொல்லிக்கினே நண்ட பின்பக்கமா ஒரு சுத்து திருப்பினார், ரெண்டு கண்ணு விட்டுச்சு, இன்னொரு சுத்து, நண்டு கையில.

அந்த சிக்குதான் சிக்கல். தலைமுடில விழறதும் சிக்கு, அத சீப்பு போட்டு எடுக்கறத சிக்கெடுக்கறதுன்னுதான் சொல்றோம். மார்கழில வாசல்ல போடற சிக்குக் கோலத்துலயும் அதே வார்த்தைதான், புள்ளிங்கள வளைச்சு வளைச்சு போற கோடு சுத்தி வந்து பொறப்பட்ட எடத்துலயே சேரும். மலச்சிக்கலும் இதே குடும்பம். அதனால "ஒரு சிக்கல்ல மாட்டிக்கிட்டேங்க"ன்னு சொன்னா யார் மேலயும் பழி இல்ல, கேக்கறவங்க "எங்க சிக்குச்சு, சொல்லுங்க"ன்னு கிட்ட வந்து உக்காருவாங்க. பேங்க்ல ஆதார் பேரும் பாஸ்புக் பேரும் ஒத்துப்போகல, பத்திரத்துல சர்வே நம்பர் தப்பா விழுந்துடுச்சு, ரெண்டு எடத்துல ஒரே நேரத்துல இன்டர்வியூ, இதெல்லாம் சிக்கல். புதுசா வந்தவங்களுக்கு நான் சொல்றது, எந்த வார்த்தைன்னு சந்தேகமா இருந்தா சிக்கல்னு சொல்லுங்க, அது யாரையும் குத்தாது. நாகப்பட்டினம் பக்கத்துல சிக்கல்னே ஒரு ஊர் இருக்கு, சிங்காரவேலர் கோவில் இருக்கற ஊர், அங்க பஸ் ஏறப்போறேன்னு யாராவது சொன்னா அது இந்த சிக்கல் கெடையாது.

ரெண்டாவது வேலை, வார்த்தைய தனியா மனப்பாடம் பண்ணாதீங்க, அதுக்கு பின்னாடி வர்ற வினைய சேத்து புடிங்க. இதுதான் இந்த கட்டுரைல நான் முக்கியமா சொல்ல வந்தது, ஏன்னா வெளியூர்ல வளந்தவங்க எல்லாத்துக்கும் "இருக்கு"ன்னு போட்டு முடிச்சுடறாங்க, தொல்லை இருக்கு, தடங்கல் இருக்கு, வம்பு இருக்கு, கேக்க புரியும் ஆனா ஒட்டாது. கஷ்டத்த படுவோம். தொல்லைய குடுப்பாங்க, நாம தாங்குவோம். தடங்கல் வரும், தானா விலகும். தடைய ஒருத்தர் போடுவாங்க. இடைஞ்சல் பண்ணுவாங்க, இடைஞ்சலா நிப்பாங்க. வம்ப இழுப்பாங்க, சும்மா கெடந்த வம்ப வெலைக்கு வாங்குவாங்க. சிக்கல்ல மாட்டுவோம், அப்புறம் அவிழ்ப்போம் இல்ல தீர்ப்போம். நெருக்கடி முத்தும். நம்ம பக்கம் ஆயாங்க, அதான் பாட்டிங்க, "லோலு படறேன்டி"ம்பாங்க, அல்லாடறேன்னு அர்த்தம், அந்த லோலுக்கு படறத தவிர வேற வினையே கெடையாது. வினைய மாத்தினா அர்த்தமே மாறும், "பிரச்சனை இருக்கு"ன்னா ஏதோ ஒண்ணு சரியில்ல, "பிரச்சனை பண்ணிட்டான்"னா சண்டை போட்டுட்டான். "கஷ்டப்பட்டு படிச்சான்"ல பாராட்டு இருக்கு, "வீட்ல கஷ்டம்"ல பணமில்லைங்கறது இருக்கு, "கேட்டதும் ரொம்ப கஷ்டமா போச்சு"ல வருத்தம் மட்டும்தான்.

தடங்கல்னா ஓடிக்கிட்டிருந்த ஒண்ணு கொஞ்ச நேரம் நின்னுருக்கு, மறுபடி ஓடும்னு அர்த்தம். பழைய தூர்தர்ஷன்ல படம் நின்னுட்டா "தடங்கலுக்கு வருந்துகிறோம்"னு போடுவாங்க, எங்க வயசு ஆளுங்களுக்கு அந்த வார்த்தைய கேட்டாலே அந்த கார்டுதான் கண்ணுல வரும், அந்த கார்ட பாத்து டிவிய யாரும் நிறுத்த மாட்டோம், காத்துக்கினு இருப்போம். கல்யாண பேச்சு தள்ளி போகுதுன்னா தடங்கல், நின்னே போச்சுன்னா அத தடங்கல்னு சொல்ல மாட்டோம்.

முட்டுக்கட்டைய மட்டும் பாத்து போடுங்க. தேருக்கு போடறதுதான் நெசமான முட்டுக்கட்டை. வில்லியனூர் திருக்காமீஸ்வரர் கோவில் தேர் இருக்கே, பிரெஞ்சுக்காரங்க காலத்துல கவர்னர் வடம் புடிச்ச வழக்கம், இன்னிக்கும் துணைநிலை ஆளுநர் வந்து வடம் புடிக்கறார், அந்த தேரோட்டத்துக்கு போனா வடத்த பாக்காம சக்கரத்த பாருங்க. கட்டைய கையில வெச்சிக்கினு சக்கரத்தோடவே ஓடுவாங்க, தேர் திரும்பணும் நிக்கணும்னா சரியா அந்த நேரத்துல கட்டைய சக்கரத்துக்கு அடியில குடுப்பாங்க. ஆக அது தெரிஞ்சே ஒரு ஆள் வைக்கறது. "என் லோனுக்கு முட்டுக்கட்டை விழுந்துடுச்சு"ன்னு நீங்க சொன்னா யாரோ வேணும்னே தடுக்கறாங்கன்னு குத்தம் சொல்றதா ஆகுது. ஒரு பேப்பர் கொறைஞ்சதுக்கு அந்த வார்த்தை வேணாம், தடங்கல் போதும்.

மிஷின், வண்டி, மோட்டார் விஷயத்துல ரொம்ப யோசிக்க வேணாம், "மக்கர் பண்ணுது"ன்னு சொன்னா இங்க எல்லா மெக்கானிக்குக்கும் புரியும், கொஞ்சம் மரியாதையா சொல்லணும்னா கோளாறு, சுத்தமா நின்னுட்டா ரிப்பேர்.

ஒடம்புக்கு வேற கணக்கு. ஜிப்மர் ஓ.பி.ல வரிசை நகந்து டாக்டர் முன்னாடி உக்காந்தா "என்ன பண்ணுது?"ன்னுதான் கேப்பாங்க. அதுக்கு "பிரச்சனை"ன்னு பதில் சொன்னா அவங்களுக்கு ஒண்ணும் கெடைக்காது. என்ன பண்ணுதோ அத அப்படியே சொல்லுங்க, மூச்சு வாங்குது, நெஞ்சு அடைக்குது, தல சுத்துது, வயிறு உப்பசமா இருக்கு, கால் மரத்து போகுது. ரொம்ப நாளா இருக்கறதுன்னா "எனக்கு சுகர் தொந்தரவு இருக்கு டாக்டர்"னு சொல்லலாம், இந்த எடத்துல தொந்தரவுங்கறது வியாதிதான், யாரையும் கொற சொல்றதில்ல. பெரியவங்க "ரா முழுக்க அவஸ்தை"ன்னு சொன்னா வலியோட தூங்காம கெடந்தாங்கன்னு அர்த்தம், அத லேசா எடுத்துக்காதீங்க, நம்ம ஊர் ஆளுங்க தாங்க முடியாத எடத்துலதான் அவஸ்தைங்கற வார்த்தைக்கே வருவாங்க.

மூணாவது வேலை, எதிர்ல இருக்கறவங்க யாருன்னு பாருங்க. பெரியவங்ககிட்ட, ஓனர்கிட்ட, ஆபீஸர்கிட்ட நம்ம கஷ்டத்த சொல்லும்போது மொதல்ல அவங்களுக்கு நாம குடுக்கற கஷ்டத்த சொல்றது இங்க பழக்கம், அதுக்குன்னே இருக்கற வார்த்தை சிரமம். "உங்களுக்கு சிரமம் குடுக்கறேன்", "சிரமம் பாக்காம ஒரு எட்டு வந்துட்டு போங்க", "வீண் சிரமம் எதுக்குங்க". கூத்தப்பாக்கத்து தம்பிக்கு இததான் சொல்லி அனுப்பினேன். சாயங்காலமே போய் "அக்கா, அன்னிக்கு நான் சொன்னது உங்களை இல்லக்கா, மோட்டார் மக்கர் பண்ணுது, அதத்தான் தப்பா சொல்லிட்டேன், சிரமம் பாக்காம ஒரு தடவை மேல வந்து பாக்கறீங்களா"ன்னு கேட்டிருக்கார். அந்த அக்கா வந்து பாத்து, ஃபுட் வால்வுல காத்து புடிக்குதுன்னு அவங்களே சொல்லி, மறுநாள் ஆள் வெச்சு மாத்தி குடுத்துட்டாங்க.

சிரமத்துக்கு பக்கத்துல சங்கடம்னு ஒண்ணு இருக்கு. பாண்டில மணக்குள விநாயகர் கோவில்ல தேய்பிறை சதுர்த்திக்கு கூட்டம் நெரியும், சங்கடஹர சதுர்த்தின்னு, சங்கடத்த போக்கறதுன்னு அர்த்தம், அந்த பழைய பேர்ல சங்கடம்னா எல்லா கஷ்டமும்தான். ஆனா இன்னிக்கு பேச்சுல அது சுருங்கி வெக்கமும் கூச்சமும் கலந்த கஷ்டமா ஆயிடுச்சு, "அவர்கிட்ட திரும்ப பணம் கேக்க சங்கடமா இருக்கு". பஸ் கெடைக்கல, மழைல நனைஞ்சுட்டேன், இதுக்கு சங்கடம் சரி வராது.

சில வார்த்தைங்கள நல்லா பழகற வரைக்கும் கேக்க மட்டும் செய்யுங்க, சொல்ல வேணாம். வில்லங்கம்னா பத்திரம் பதியற எடத்துல நேரான வார்த்தை, சொத்து மேல கடன், அடமானம் இருக்கான்னு பாக்கற பேப்பருக்கு பேரே வில்லங்கச் சான்று, நாம ஈசின்னு சொல்றோம். அதே வார்த்தைய ஒரு ஆள பத்தி "வில்லங்கமான ஆளு"ன்னு சொன்னா அவன் கேஸு, சண்டைன்னு இழுத்து விடறவன்னு அர்த்தம். தகராறும் அப்படித்தான், உருதுலேந்து வந்தது, அங்கயும் வாக்குவாதம்தான், "ஓனரோட சின்ன தகராறு"ன்னா ஒரு சின்ன கருத்து வேறுபாட்ட சொல்றதா நீங்க நெனைப்பீங்க, கேக்கறவங்க கை கலப்பு வரைக்கும் போச்சான்னு கேப்பாங்க. ஏழரை இன்னொண்ணு. சனி ஒரு ராசில ரெண்டரை வருஷம், மூணு ராசிக்கு ஏழரை, அதான் ஏழரை நாட்டுச் சனி. காரைக்கால் பக்கம் திருநள்ளாறு நம்ம புதுச்சேரி மாநிலத்துலயே இருக்கறதால இந்த பேச்சு இங்க கொஞ்சம் கூடுதலாவே ஓடும், "அவன் வந்து ஏழரைய கூட்டிட்டான்"னு சிநேகிதங்க பேசிக்குவாங்க, மாமனார் முன்னாடி சொன்னா அவர் ஜாதகத்த எடுத்துக்கினு வந்துடுவார், நெசமாவே மனசு கலங்கிடுவாங்க.

பேஜாரு, ரோதனை, ராவடி இதெல்லாம் நம்ம வட தமிழ்நாட்டு பேச்சு. "ஒரே பேஜாரா போச்சு"ன்னா அலுத்து போச்சு. "தெனம் ரோதனை"ன்னா ஒரே பொலம்பலும் தொல்லையும். ராவடி பண்றான்னா அடம், அட்டகாசம். பசங்க நடுவுல தாராளமா பேசுங்க, ஆபீஸ்ல வேணாம்.

இப்ப எழுத்துக்கு வருவோம், என் தொழில் இதுதான்ங்கறதால கொஞ்சம் அழுத்தியே சொல்றேன். பேச்சுல தொல்லை, மனுல இடையூறு. பேச்சுல கஷ்டம், மனுல சிரமம், இன்னல். "போக்குவரத்துக்கு இடையூறாக உள்ளது", "மிகுந்த சிரமத்திற்கு ஆளாகி வருகிறோம்" இப்படித்தான் எழுதுவோம். ஆனா இந்த வார்த்தைங்கள அடுக்கினா மனு பலமாயிடும்னு நெனைக்காதீங்க. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கம் கரைய கடந்துச்சு, பாண்டில ஒரே நாள்ல 46 சென்டிமீட்டர் மழை, அடுத்து சாத்தனூர் டேம் தொறந்து தென்பெண்ணைல வெள்ளம் வந்து கடலூர்ல ஆத்தோரம் பூரா தண்ணி. அந்த டிசம்பர்ல கடைல நிக்க எடமில்ல. நெறைய பேர் அவங்களே எழுதிக்கினு வந்திருந்தாங்க, "சொல்லொணா துயரமும் இன்னலும் அடைந்து"ன்னு ஒரு பக்கம் முழுக்க, ஆனா வீட்ல எவ்ளோ ஒசரம் தண்ணி நின்னுச்சு, என்ன போச்சுன்னு ஒரு வரி கெடையாது. எழுதினவங்க அழுதுக்கினே எழுதினதுன்னு பாத்தாலே தெரியும். நான் அதுல ஒரு வரிய மட்டும் வெச்சுக்கினு மிச்சத்த மாத்தி எழுதினேன்: இத்தனாந்தேதி, இடுப்பளவு தண்ணி, ரெண்டு நாள், அரிசி மூட்டை, ஃப்ரிட்ஜ், பசங்க சர்டிபிகேட், ஒரு பக்க சுவர். அங்க வேண்டிய வார்த்தை பாதிப்பும் சேதமும். பேச்சுல வெள்ளத்துல மாட்டிக்கிட்டோம்னு சொல்லுங்க, மனுல வெள்ளத்தால பாதிக்கப்பட்டோம்னு எழுதுங்க.

எழுதும்போது எல்லாரும் கேக்கற சந்தேகம், பிரச்சினையா பிரச்சனையா. ரெண்டும் அச்சுல இருக்கு, ஒரு மனுக்குள்ள ஒண்ணையே கடைசி வரைக்கும் வெச்சுக்குங்க. அது சமஸ்கிருதத்துல கேள்வின்னு அர்த்தம் உள்ள வார்த்தைலேந்து வந்தது. பேப்பர்ல "அசம்பாவிதம்"னு பாத்தா அது நடக்க கூடாதது நடந்துச்சுன்னு பொதுவா சொல்ற வார்த்தை, வீட்ல யாரும் அப்படி பேசறதில்ல. பஸ்ல எழுதியிருக்கற குறள்ல "இடுக்கண்"னு வரும், துன்பம்னு அர்த்தம், 63ஆவது அதிகாரத்துக்கு பேரே இடுக்கண் அழியாமை, படிச்சு தெரிஞ்சுக்குங்க, பேச்சுக்கு வராது.

எதிர்பாராம வந்ததுங்கறத தனியா சொல்லணும்னா பழமொழிதான் கை குடுக்கும், அதுலயும் எந்த நேரத்துல வந்துச்சுன்னு பாத்து எடுக்கணும். ஒரு வேலைய ஆரம்பிச்சதுமே நெனைக்காத ஒண்ணு மொளைச்சா, வீட்டு பெயிண்ட் சொரண்ட போய் சுவரே விரிசல்னு தெரிஞ்சா, அது கெணறு வெட்ட பூதம் கெளம்பின கதை. எல்லாம் முடிஞ்சு கைக்கு வர்ற நேரத்துல கெட்டுச்சுன்னா, விசா வந்து டிக்கெட் போட்டு கெளம்பற அன்னிக்கு கால் ஒடைஞ்சா, வெண்ணெ தெரளும்போது தாழி ஒடைஞ்ச மாதிரி. ஒண்ணு பட்ட எடத்துலயே இன்னொண்ணு விழுந்தா மரத்துலேந்து விழுந்தவன மாடு மிதிச்ச மாதிரி, வண்டி பஞ்சராகி தள்ளிக்கினு வரும்போது மழையும் புடிச்சுக்குச்சே, அதுக்கு. நாமளே தேடி போய் மாட்டினதுக்கு வேலில போற ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டது. பெருசா வந்தது சின்னதா போச்சுன்னா தலைக்கு வந்தது தலப்பாவோட போச்சு. 2011 டிசம்பர் 30 தானே புயலப்ப பண்ருட்டி பக்கம் பலாவும் முந்திரியும் வேரோட சாஞ்சு கெடந்துச்சு, ஒரு விவசாயி ஓடு மட்டும் பறந்து ஆளுங்க தப்பிச்ச தன் வீட்ட காட்டி இதே வார்த்தைய சொன்னார், அப்புறம் தோப்பு பக்கம் திரும்பினார், அதுக்கு அவர்கிட்ட வார்த்தை இல்ல. அடுத்தவங்க இழப்புக்கு இந்த பழமொழிங்கள நாம எடுக்க கூடாது, நம்ம கதைக்கு மட்டும் சொல்லிக்கலாம்.

கடைசி வேலை பழகறது. கடலூர் பஸ் ஸ்டாண்டுல பாண்டி பஸ் ஏறி ஜன்னலோரம் உக்காந்துக்குங்க, ஆல்பேட்டை தாண்டி, ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், தவளக்குப்பம், அரியாங்குப்பம், மரப்பாலம்னு போறதுக்குள்ள எப்படியும் பத்து பேர் போன்ல பேசுவாங்க, பாதி பேர் ஏதோ ஒரு கஷ்டத்ததான் பேசுவாங்க. பேச்ச ஒட்டு கேக்கணும்னு சொல்லல, காதுல தானா விழற வார்த்தைய மட்டும் வினையோட சேத்து மொபைல்ல குறிச்சுக்குங்க. "மரப்பாலத்துல மாட்டிக்கினேன்", "அவன் வேற குடைச்சல் குடுக்கறான்", "நடுவுல ஒரு தடங்கல் வந்துடுச்சுக்கா". ராத்திரி வீட்டுக்கு வந்து அன்னிக்கு உங்களுக்கு நடந்த ஒரு கஷ்டத்த எடுத்துக்குங்க, அத ஓனருக்கு சொல்ற மாதிரி ஒரு தடவை, சிநேகிதனுக்கு ஒரு தடவை, டாக்டருக்கோ ஆபீஸருக்கோ எழுதற மாதிரி ஒரு தடவை, வாய் விட்டு சொல்லி பாருங்க. எது தொண்டைல நிக்குதோ அத மறுநாள் பக்கத்து வீட்டு ஆயாகிட்ட கேளுங்க, "ஆயா, இத எப்படி சொல்றது?"ன்னு.